உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர்

எங்கள் தொழிலில் விற்கிற சரக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. அது காணாமல் போன அன்றைக்குத்தான் யாருடையது என்ற கேள்வியே வரும். இன்டர்நெட் கோவைக்கு வந்த புதிதில், ஐம்பது வயதுக்குமேல் மில் வேலையை விட்டுவிட்டு, துடியலூரில் ஒரு அறை பிடித்துக் கம்பெனிகளுக்கு வெப்சைட்டும் இமெயிலும் அமைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். வெப்சைட்டை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றி அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். மற்றவர்கள், சாமான்களோடு வாடகை வீடு மாறியதை நினைத்துக்கொண்டால் போதும்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்

சோமனூர் பழனிசாமி என் முதல் வாடிக்கையாளர். சமையலறைத் துண்டு நெய்து ஜெர்மனிக்கு அனுப்புகிறவர். கம்பெனியின் பெயரிலேயே ஒரு டொமைன், அதாவது இன்டர்நெட்டில் ஒரு விலாசம், அதில் இமெயில் வேண்டும் என்று வந்தார். அமெரிக்காவில் இருக்கும் பதிவு நிறுவனத்தின் படிவத்தில், உரிமையாளர் யார், அவருடைய இமெயில் என்ன என்று இரண்டு கட்டங்கள். அவரிடம் இமெயில் இல்லை. அதை வாங்கத்தானே வந்திருந்தார். “என் பெயரையும் என் இமெயிலையும் போட்டுவிடட்டுமா?” என்றேன். சௌகரியத்துக்காகக் கேட்டேனா, ஆள் கைவிட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று கேட்டேனா? இன்றுவரை எனக்கே தெளிவில்லை. அவர் யோசிக்கவே இல்லை.

“எங்கூட்டு போனே மச்சான் பேர்லதானுங்க இருக்குது. அதுக்காக மணி அடிக்காமயா இருக்குதுங்க?”

சொன்னபடி மூடினார்கள்

அவருடைய வெப்சைட், என் சொந்த இமெயில் இரண்டும், தன் கம்ப்யூட்டரில் இடம் வாடகைக்கு விடும் ஒரு சென்னைக் கம்பெனியிடம் இருந்தன. அந்தக் கம்ப்யூட்டர் வாரத்தில் இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். பின்னால் வந்த வாடிக்கையாளர்களைப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்த்தேன். கடைசியில் பழனிசாமியின் பக்கங்களையும் அங்கே ஏற்றிவிட்டு, நிம்மதியாகச் சென்னைக் கணக்கை மூடச் சொல்லி எழுதினேன்.

டொமைனைப் பெங்களூருக்குத் திருப்பிவிட வேண்டியதுதான் பாக்கி. அந்த வேண்டுகோள் படிவத்தில் கொடுத்த இமெயிலிலிருந்துதான் வர வேண்டும் என்றது பதிவு நிறுவனம். அந்த இமெயில், நான் மூடச் சொன்ன கணக்கோடு போய்விட்டது. டொமைன் சென்னையையே காட்டிக்கொண்டிருந்தது. சென்னையில் ஒன்றும் இல்லை. பழனிசாமிக்கு வரும் கடிதமெல்லாம் அனுப்பியவருக்கே திரும்பியது. ஒரே ஒரு நாள் திறந்துவிடுங்கள் என்று சென்னைக்குப் போன் போட்டேன்.

“மூடச் சொன்னதே நீங்கதானே சார்? எதுக்கெடுத்தாலும் லேட்டுன்னு திட்டுவீங்க, இதை அன்னிக்கே முடிச்சு அழிச்சுட்டோம்.”

தினமும் ஒரு காபி

பழனிசாமி மாதிரித் துண்டு அனுப்பியிருந்தார். நிறம் சரி என்று ஜெர்மனியிலிருந்து பதில் வந்தால்தான் தறிகளை ஓட்டலாம். அந்தப் பதில் வரும் வழிதான் அடைந்து கிடந்தது. பேக்ஸ் அனுப்பிக் கேட்கட்டுமா என்று இரண்டாம் நாளே கேட்டார். “வேண்டாம், நாளைக்குச் சரியாகிவிடும்” என்றேன். என் கௌரவம் எனக்கு. தினமும் பஸ் ஏறி வந்து, இரண்டு காபி சொல்லி, ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எட்டாம் நாள் ஜெர்மனியில் துண்டு வாங்குகிறவரிடமிருந்தே பேக்ஸ் வந்துவிட்டது. அதை மடித்துக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

“கம்பெனிய மூடிப்போட்டீங்களான்னு கேக்கறாருங்க. ஆமான்னு எழுதட்டுங்களா, இல்லீன்னு எழுதட்டுங்களா?”

கையெழுத்து

பதிவு நிறுவனம் கடைசியாக ஒரு வழி சொன்னது: லெட்டர்ஹெட்டில் உரிமையாளர் கையெழுத்துப் போட்டு பேக்ஸ் அனுப்பலாம். அவர்கள் கணக்கில் உரிமையாளர் நான். அதனால், “இந்த டொமைன் எனக்குச் சொந்தமானது” என்று ஆங்கிலத்தில் உறுதி எழுதி, பழனிசாமி பார்த்துக்கொண்டிருக்கவே கையெழுத்துப் போட்டேன். அவர் பொருளை மீட்க அது என்னுடையது என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. காகிதத்தை வாங்கி, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

“எல்லாஞ் சரிங்க. இதுல எம்பேரு எங்கீங்க இருக்குது?”

போன்

பேக்ஸை ஏற்றுக்கொண்டார்கள், இமெயில் வரத் தொடங்கியது. அதற்குள் பாதி ஆர்டர் கரூரில் துண்டு நெய்கிற வேறொருவருக்குப் போயிருந்தது. டொமைனைப் பழனிசாமி பெயருக்கு மாற்றினேன். எந்தக் கம்பெனி மாறினாலும் கூடவே வரும்படி, தனியாக ஓர் இலவச இமெயில் ஏற்படுத்தி அதைப் படிவத்தில் போட்டேன். பாஸ்வேர்டைப் பாக்கெட் டைரியில் அவரே எழுதிக்கொண்டார். இனிமேல் காந்திபுரத்தில் ஒருவரிடம் வெப்சைட்டைக் கொடுக்கப் போவதாகப் பணிவாகச் சொன்னார். படியிறங்கும்போது திரும்பினார்.

“போனையும் எம்பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துப்போட்டனுங்க. மச்சான் நாலு நாளாப் பேசறதில்லீங்க.”

மற்றப் பதினோரு வாடிக்கையாளர்களின் டொமைன்களும் இன்னும் என் பெயரில்தான் இருக்கின்றன. மாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.