இன்னொரு எஸ்பொசிட்டோ

செயின்ட்-மிஷேல் பகுதி முதியோர் இல்லமொன்றில் நான் பராமரித்த இத்தாலியர் எஸ்பொசிட்டோவை யாரும் பார்க்க வருவதில்லை. பக்கத்து அறைக்கு இன்னொரு எஸ்பொசிட்டோ வந்தார். யாழ்ப்பாணத்துப் பழக்கம் விடுமா? குடும்பப் பெயரை வைத்தே உறவு பிடித்துவிட்டேன்.

“ஐயா, உங்கட சொந்தக்காரர் வந்திருக்கிறார்!”

கிழவர் சூப்புக் கோப்பையைத் தள்ளிவிட்டார். அவர் பிரெஞ்சில் சொன்னது எனக்கு இன்றும் தமிழில்தான் கேட்கிறது.

“சொந்தமில்லை. அந்தக் காலத்தில தேவாலய வாசலில விட்டிட்டுப் போன பிள்ளையளுக்கு வைச்ச பேர் இது. வெளியில விடப்பட்டவன் எண்டு அர்த்தம். இவ்வளவு பேருக்கு இந்தப் பேரெண்டா, எத்தினை பிள்ளையளை விட்டிருப்பினம்! அப்ப பிள்ளையளை விட்டினம். இப்ப எங்களை.”

சிந்திய சூப்பைத் துடைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் முதியோர் இல்லத்திலிருக்கும் என் அம்மாவுக்கு அன்று மாலை தொலைபேசி எடுத்தேன். “மகன் கதைக்கிறன்” என்று சொல்ல வாய் வரவில்லை.