இரண்டு ‘ஸோ’வும் ஒரு கட்டுக்கதையும்

அறுபத்திரண்டோ அறுபத்து மூன்றோ, நெய்வேலிக்கு நான் வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயது, ஆபீசில் டைப்பிஸ்ட். சொந்த ஊர் மதுரை. அப்பா தையற்காரர். எங்கள் குடும்பத்தில் பி.ஏ. படித்த முதல் ஆள் நான்தான் என்பதால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

சுரங்கத்தில் ஹெல்பராக இருந்தவர்கள் ஆபரேட்டர் ஆக வேண்டுமானால் ஒரு டெஸ்டில் தேற வேண்டும். மெஷினில் இருக்கும் இங்கிலீஷ் போர்டுகளைப் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். அதற்காக எட்டுப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு எடுத்தேன். எங்கள் பிளாக்கில் யாருக்கும் இன்னும் ஒதுக்காத ஒரு குவார்ட்டர்ஸ், சுண்ணாம்பு வாசனை போகாத ஹால். தரையில் உட்கார்ந்திருந்த எல்லாருமே என்னைவிட மூத்தவர்கள்.

போர்டில் இருப்பதை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். எனக்கோ சொற்களின் பூர்வீகம் என்றால் பைத்தியம். ஒரே மாதிரி ஒலிக்கும் வினைச்சொற்களை எடுத்துக்கொண்டேன். சாவதும் ‘டை’, சாயம் போடுவதும் ‘டை’. குறிஞ்சிப்பாடியில் தறி போட்டிருக்கும் குடும்பத்துக்காரர் ஒருவர், “அப்ப எங்க தெருவுல தெனம் சாவுதானுங்களா?” என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். சாகிற ‘டை’ வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் இங்கிலாந்தில் விட்டுப்போன சொல், சாயம் போடுகிற ‘டை’ அந்த மண்ணிலேயே இருந்தது என்று விளக்கினேன். அது கல்லூரியில் படித்தது, சரியான விஷயம்தான். எட்டுப் பேரும் வாயைப் பிளந்து கேட்டதில் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

அடுத்த வாரம் ‘ஸோ’. விதைப்பதும் ஸோ, தைப்பதும் ஸோ, எழுத்துதான் வேறு என்றேன். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், விவசாயக் குடும்பம். “இது ரெண்டும் எங்கேருந்துங்க வந்துது?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அப்பாவின் தையல் மெஷின் ஞாபகத்துக்கு வந்தது. ஊசி துணிக்குள் இறங்குகிற மாதிரி விதை மண்ணுக்குள் இறங்குகிறது, அதனால் இரண்டும் ஒரே சொல்தான் என்று அடித்துவிட்டேன்.

“கம்பு, வரகெல்லாம் வீசித்தானுங்க தெளிப்போம். குத்தி எறக்கறது இல்லீங்களே” என்றார், மெதுவாக.

அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். “இங்கிலீஷ் படிச்சது நீங்களா, நானா?” என்று கேட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொள்ளவும் இல்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. டெஸ்டுக்கு ஒரு மாதம்கூட இல்லை. உள்ளுக்குள் உறுத்தத் தொடங்கியது. ஆபீசில் அதிகாரியின் மேஜையில் தலையணை கனத்தில் ஒரு அகராதி இருக்கும். அவர் இல்லாத நேரம் பார்த்துப் புரட்டினேன். இரண்டு ‘ஸோ’வுக்கும் வேர் வேறு வேறு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. விதைக்கிற ‘ஸோ’வுக்கு விதையை வீசித் தெளிப்பது என்றுதான் போட்டிருந்தது.

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போனேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது தப்பு, நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க” என்றார்.

எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியது கோபமாக இருக்கும், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

“கோவமெல்லாம் இல்லீங்க சார். வெதைக்கிறது எனக்குத் தெரியும், அதனால தப்புன்னு புடிச்சிகினேன். மெஷினு எனக்குத் தெரியாதே. ‘பிரேக்’குன்னா ஒண்ணு ஒடைக்கிறது, ஒண்ணு நிறுத்துறதுன்னு சொன்னீங்க. அதுவும் இந்த மாதிரி சொன்னதுதான்னா நான் எப்படிங்க கண்டுபுடிக்கிறது? கரி ஓடுற பெல்ட்டாண்ட என் கையி மட்டுமா இருக்குது? நாலு பேரு நிக்கிறாங்க.”

நான் மரியாதையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு போயிருந்தேன். அவருடைய கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். “பாக்கலாமுங்க” என்றார்.

அந்த ஞாயிறு எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் வந்திருந்தவர்களின் நோட்டையெல்லாம் வாங்கி, எனக்கு நிச்சயமாகத் தெரியாததையெல்லாம் அடிக்க ஆரம்பித்தேன். பக்கத்துக்கு இரண்டு மூன்று போனது. அவர் தாமதமாக வந்து வாசலிலேயே நின்றார். “போர்டுல இருக்கறத மட்டும், மெஷினு தெரிஞ்சவங்கள கேட்டுகினு வந்து சொல்றீங்களா?” என்றார். அப்படியே செய்தேன். ஒவ்வொரு போர்டையும் எழுதிக்கொண்டு போய் ஒரு ஃபோர்மேனிடம் கேட்டு வந்து சொல்லிக்கொடுத்தேன்.

அந்த டெஸ்டில் அவர் தேறவில்லை. வராமல் போன வாரங்களில் நடத்தியதிலிருந்துதான் கேட்டார்களாம். அடுத்த வருஷம்தான் ஆபரேட்டர் ஆனார். அந்த ஒரு வருஷம் நான் சொன்ன கதையால் போனது. அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. எனக்குத்தான் அவரை வழியில் பார்க்கும்போதெல்லாம் மனசு குறுகும்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். தெரியாத கேள்வி வந்தால் இன்றைக்கும் நாக்கு நுனியில் ஒரு கதை தயாராக வந்து நிற்கிறது. கேட்டவர் அதை நம்பி எந்த மெஷின் பக்கத்தில் போய் நிற்கப் போகிறாரோ என்று நினைத்துவிட்டால், ‘தெரியாது’ என்று சொல்வது ஒன்றும் கஷ்டமாக இல்லை.