வெளிர் மஞ்சளும் வெளிர் பச்சையும்

மஞ்சள் அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பச்சை அட்டையை நடைக்குக் கொண்டுபோய்த் திருப்பி வைக்கிறார் பெயின்டர் அக்கா. இரண்டையும் ஒரே நேரத்தில் யார் கண்ணிலும் காட்டமாட்டார். "பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணை ஒண்ணு மாட்டி விட்டுரும். வெளுத்த கலருக்கெல்லாம் அந்தப் புத்தி உண்டு."

கடையில் தரும் நிற அட்டையை அவர் நம்புவதில்லை. தீப்பெட்டி அளவு நிறத்தைப் பார்த்து ஓர் அறையை முடிவு செய்வது, "நகத்தைப் பார்த்து ஆளு நல்லவனான்னு சொல்ற மாதிரி." ஒரு கை நீள அட்டையில் பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துத் தூக்கி வருவார். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, விளக்குப் போட்டபின் ஒருமுறை பார்க்க வேண்டும். நடுவில் தரையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்த தொழில் அல்ல. முதலில் அடித்தது தம் சமையலறையை. மூன்று முறை அடித்தார்.

எந்த வீட்டிலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சுவத்தை அதிகமா யாரு பார்ப்பாங்க?"

என் பக்கத்து வீட்டில், அப்படிப் பார்க்கப்போகிறவர் கட்டிலில் படுத்திருந்தார். மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். இன்னும் ஆறு மாதம் எழக்கூடாது. கொடுத்ததைச் சாப்பிட்டார், போட்ட சேனலைப் பார்த்தார். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. மனைவிக்கு எலும்பைவிட அதுதான் பயம். சுவருக்கு வேறு நிறம் என்ற யோசனையே அதில் பிறந்தது.

"மஞ்சள்னா பளிச்சுனு இருக்கும் அண்ணி" என்றார் மனைவி.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தவனுக்குப் பச்சைதான் குளிர்ச்சி" என்றார் கணவரின் அக்கா.

"ஆஸ்பத்திரியே பச்சைதானே அண்ணி!"

பெயின்டர் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்துச் சுவரைப் பார்த்தார். "ரெண்டு பேரும் நின்னுக்கிட்டுப் பார்க்கறாங்க. படுத்திருக்கறது நீங்க. சொல்லுங்க தம்பி."

"எதா இருந்தா என்னக்கா."

"அப்படி ஒரு கலர் என்கிட்ட இல்லையே. நாளைக்கு வரேன்."

அட்டைகளை அங்கேயே விட்டுப் போனார்; மனைவி வேளைக்கு ஒன்றாக மாற்றி வைத்தார். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் நானும் அங்கே இருந்தேன். பெயின்டர் அக்கா உள்ளே நுழைந்ததும் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "பச்சை வேணாம். பொழுது சாஞ்சா சாம்பலாயிடுது." மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "மஞ்சள் பரவாயில்லை. ஆனா இடது ஓரத்துல பிரஷ் கோடு தெரியுது. சுவத்துலயும் இந்த லட்சணத்துலதான் அடிப்பீங்களா?"

நான் குனிந்து பார்த்தேன். கோடு எதுவும் இல்லை. "எங்கடா கோடு?" என்று ஆரம்பித்தார் கணவரின் அக்கா. பெயின்டர் அக்கா அவரைக் கையமர்த்திவிட்டு, பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அட்டையின் முன் சம்மணமிட்டார்.

"இங்கயா தம்பி?"

"இன்னும் மேல."

கையை ஒரு விரற்கடை மேலே நகர்த்தி, மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார்.