அக்காவின் பத்திரத்தில் படித்த பிள்ளை

குளக்கட்டு உடைந்து வெள்ளம் எங்கள் குடியேற்றக் கொலனிக்குள் வந்ததே, அதற்கு அடுத்த வருடம்தான் இது. அந்த வெள்ளத்தில் சாக்கில் கிடந்த நெல் முளைத்துவிட்டது. அதைக் குத்தித்தான் காய்ச்சினோம். முளைநெல்லுக் கஞ்சி இலேசாக இனிக்கும். ஆனால் இரண்டு நாளைக்கு மேல் வாய்க்குப் பிடிக்காது. அதை விடுவோம்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. கடையில் சீனி சுற்றித் தரும் பேப்பர்ச் சரையை விரித்து வைத்து வாசிப்பாள். யாரும் அவளுக்கு ஏடு தொடக்கவில்லை. எனக்கோ கையெழுத்துக்கூட வராது, பெருவிரல்தான். முதலில் வாய்க்கு வந்ததைப் பாடுகிறாள் என்றே நினைத்தேன். பள்ளிக்கூட ரீச்சர் ஒரு நாள் கடைவாசலில் அவளைக் கண்டு, பின்னாலேயே நாங்கள் குடியிருந்த ஓலைக் கொட்டிலுக்கு வந்துவிட்டா. யாழ்ப்பாணத்துப் பெண், குடையில்லாமல் வெளியில் இறங்க மாட்டா. பாயைப் போட்டோம்.

"அண்ணை, இந்தப் பிள்ளையை நீங்கள் சும்மா விடக்கூடாது" என்றா. "ரெண்டு வருசம் என்னட்டைப் படிக்கட்டும். பிறகு மூண்டாம் வகுப்புக்கு யாழ்ப்பாணத்தில ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில விடுவம். அங்க சொந்தக்காரர் இருக்கினமோ?"

"ஓம் ரீச்சர், மனிசியின்ர தமையன் இருக்கிறார்."

"அப்ப பிந்தாதேங்கோ. ரெண்டு வருசத்தில எனக்கு மாற்றம் வந்திடும். எனக்குப் பிறகு ஆர் வருவினமோ தெரியாது. அஞ்சு வயசு முடிஞ்சிட்டுதுதானே? பிறப்புப் பத்திரத்தைக் கொண்டு வாங்கோ."

இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இவளுக்கு முன் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது எங்கள் வழக்கம். அதனால் அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்தாள். மாமனார் முறையாகப் பதிந்து பத்திரம் எடுத்துத் தந்தார். கொலனியில் காணி கிடைத்துக் காடு வெட்ட வந்தபோது குழந்தையையும் கொண்டு வந்தோம். ஒன்பதாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டு வளவின் மூலையில் ஒரு பாலைமரம் நின்றது, அதன் கீழே புதைத்தோம். சாவைப் பதிய வேண்டும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்? பதிகிறவர் இருந்த இடத்துக்கு ஒரு நாள் வண்டிப் பயணம். இரண்டாமவள் இந்தக் கொட்டிலில் பிறந்தாள். அவளையும் பதியவில்லை.

ஆகவே ஒருத்திக்குப் பத்திரம் இருந்தது, பிள்ளை இல்லை. மற்றவளுக்கு உயிர் இருந்தது, பத்திரம் இல்லை. மூத்தவள் இருந்திருந்தால் ஆறு வயதை எட்டியிருப்பாள்.

நான் மாடு வளர்த்தவன். வாங்கிய மாட்டில் பழைய குறிக்குப் பக்கத்தில் நம்முடைய குறியைச் சுட்டுவிட்டால் அது நம்முடைய மாடு. பேரும் அப்படித்தான், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூத்தவளின் பத்திரத்தில் இவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம் என்று மனைவியிடம் சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளையிட்ட மிச்சம் இருக்கிறது அந்தப் பேர் ஒண்டுதான். அதையும் எடுக்கப் போறியளே?"

"இருக்கிற பிள்ளை படிக்க வேண்டாமோ?" என்றேன்.

அவள் அரிசியை உலையில் போட்டாள். மூன்றாம் நாள் காலையில் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, பத்திரத்தைத் தானே எடுத்துப் பாயில் வைத்துவிட்டுத் தண்ணீர் அள்ளப் போய்விட்டாள்.

பெரிய வாத்தியார் பத்திரத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு வயசுக்கு ஆள் இவ்வளவுதானோ? சோறு போடுறேல்லையோ, எழுத்தைத்தான் திண்ணக் குடுக்கிறியோ?"

"காய்ச்சல்காரப் பிள்ளை ஐயா."

அவர் சிரித்துக்கொண்டு பதிந்தார். நானும் சிரித்தேன்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்திராவிட்டால் இந்தக் கதை இவ்வளவோடு போயிருக்கும். இவள் எழுதக் கொடுத்த கொப்பியின் மட்டையில் இருந்த பேரைப் பார்த்தாள். "அப்பா, இது ஆற்ற பேர்?" என்றாள்.

"உங்கட பள்ளிக்கூடப் பேர். எல்லாப் பிள்ளையளுக்கும் ரெண்டு பேர் இருக்கும்."

நம்பிவிட்டாள். ரீச்சர் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிப் புகழ, அவளுக்கு அதிலேயே ஆசை வந்துவிட்டது. ஒரு மாதம் போகவில்லை, வீட்டில் கூப்பிட்ட பேரால் தாய் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "அது சின்னப் பிள்ளைப் பேர். ரீச்சர் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுங்கோ அம்மா" என்று காலை உதைப்பாள். தாயின் உதடு அசையும், சத்தம் வராது. கடைசியில் "பிள்ளை" என்றுதான் கூப்பிட்டாள். பிறகு எந்நாளும் அந்த ஒரு சொல்தான்.

ரீச்சர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. இரண்டு வருடம் முடிய யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போனேன். பேரை இப்போதாவது திருத்துவோமா என்று மைத்துனரிடம் கேட்டேன்.

"மச்சான், இனி அதில கை வைச்சா பிள்ளையின்ர படிப்பும் சேர்ந்து போயிடும். பேசாம இருங்கோ" என்றார்.

பேசாமல் இருந்தேன். அவளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மனைவி வாசலில் நின்றாள். "இப்ப எனக்கு ரெண்டு பிள்ளையும் இல்லை" என்றாள்.

மகள் ஒவ்வொரு வகுப்பிலும் முதலாவதாக வந்தாள். படித்து உத்தியோகமும் எடுத்தாள். தாயின் செத்தவீட்டுக்கு வந்தவள், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பின் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, அம்மா ஒருநாளும் என்னை இந்தப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. என்னை ஊரிலயிருந்து அனுப்பினதும் அவாதானோ? என்னில அவாவுக்கு என்ன கோவம்?"

சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய சம்பளம், கலியாண எழுத்து, பிள்ளைகளின் பத்திரம் எல்லாவற்றிலும் அந்தப் பேர்தான் இருக்கிறது என்று பயந்து, "கோவம் ஒண்டும் இல்லை பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. இப்போது தூர தேசத்தில் இருக்கிறாள். கடிதம் போடுவாள், தாயைப் பற்றி ஒரு வரியும் இராது.

எனக்கு எழுதத் தெரியாது. நேரே கண்டாலும் வாய் வராது, என்னை எனக்குத் தெரியும். இதைக் கேட்கிற உங்களில் யாராவது அவளைக் காண்பீர்கள். உனக்கு ஒரு அக்கா இருந்தாள், பாலைமரத்தின் கீழே கிடக்கிறாள், நீ கொண்டு திரிவது அவளுடைய பேர் என்று சொல்லுங்கள். செய்தவன் நான், அம்மா இல்லை என்றும் சொல்லுங்கள். அம்மாவுக்கு உன்னில் கோபமே இருந்ததில்லை. வாயைத் திறந்தால் செத்த பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, அதுதான் அவளால் முடியவில்லை. இதை என் மகளிடம் சேர்த்துவிடுங்கள்.