ரைட்டம்மாவின் வலது குதிகால்

"மில் வாசல்… இழு. தண்ணித் தொட்டி… இழு. கோர்ட்டு… இழு. அசையுதா பாரு, சனியன்!"

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய துண்டு ஒன்றைப் பாதத்தின் முன்பக்கம் மாட்டி, அதன் இரு முனைகளையும் கடிவாளம் போலப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் ரைட்டம்மா. எண்ணிச் செய்யச் சொல்லியிருந்தாள் பிசியோதெரபிப் பெண். எண்ணினால் பாதியில் மறந்துவிடுகிறது, நிறுத்தங்கள் மறக்காது. அதனால் தன் வழித்தடத்தையே கணக்காக்கிக்கொண்டார். ஒரு நிறுத்தத்துக்கு ஓர் இழுப்பு. டிப்போ வந்தால் ஒரு சுற்று முடிந்தது. வலி தாங்காத நாட்களில் கோர்ட்டு வாசலிலேயே "வண்டி பிரேக்டவுன், எல்லாரும் எறங்குங்க" என்று அறிவித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வண்டியைத் தள்ளிக் கிளப்புவார்.

பேருந்தில் நடத்துநர் வேலை. "போலாம் ரைட்!" என்று அவர் கொடுக்கும் குரல் ஓட்டுநருக்கு மட்டுமல்ல, அடுத்த தெருவுக்கும் கேட்கும். அந்தக் குரல்தான் பெயராக ஒட்டிக்கொண்டது. ஒடிந்தது வலது கால் என்று தெரிந்ததும், "பேருக்கு ஏத்த காலாப் பாத்து ஒடிச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தவரும் அவர்தான். ஓடுகிற வண்டியில் அவர் கம்பியைப் பிடித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் சில்லறை, இருக்கையின் ஓரத்தில் இடுப்பை லேசாகச் சாய்த்து நின்றால் எந்த வளைவிலும் அசையமாட்டார். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் கம்பியைத் தேடினால், "கம்பி பயணிக்கு. நமக்குக் கால்தான் கம்பி" என்பார்.

அடிபட்டது ஒரு மழை மாலையில். சாலை மறிக்கப்பட்டு, வண்டி சந்துக்குள் மாட்டிக்கொண்டது. பின்னால் எடுக்க வழிகாட்டுவதற்காக, விசிலை வாயில் வைத்தபடி பின்படியிலிருந்து குதித்தார். தரையென்று நினைத்த இடத்தில் தண்ணீர் மூடிக் கிடந்தது உடைந்த சாக்கடைப் பலகையின் விளிம்பு. உடம்பின் பாரம் முழுவதும் குதிகாலில் இறங்கியது. வலியில் வாய் தானாக விசிலை ஊதிவிட்டது. "நல்லவேளை, ஒரு விசில்தான் வந்துச்சு. வண்டி நின்னுச்சு. ரெண்டு வந்திருந்தா டிரைவர் என் மேலயே ஏத்தியிருப்பான்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தார். அவர்கள் போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

குதிகால் எலும்பு நொறுங்கிப் போயிருந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். மாதக்கணக்கில் தரையில் கால் படக்கூடாது என்றார்கள். வீட்டுக்காரர் அச்சகத்தில் புத்தகம் தைப்பவர்; நாளெல்லாம் தாளோடு பழகிப் பேச்சும் தாள் மாதிரி ஆகிவிட்ட மனிதர். மகள் கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள். வீட்டில் சத்தம் என்பது ரைட்டம்மாதான். அவர் படுத்ததும் வீடே வாயடைத்துப்போனது. வீட்டுக்காரர் சமைத்தார், துவைத்தார், வாளியில் வெந்நீர் விட்டு, முழங்கையால் சூடு பார்த்து, அந்தக் காலை எடுத்து உள்ளே வைத்தார். எங்கே வலிக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

கட்டுப் பிரித்தபோது வெளியே வந்த பாதம் தன்னுடையதாகவே ரைட்டம்மாவுக்குத் தெரியவில்லை. குதிகால் பக்கவாட்டில் உப்பி, கெண்டைக்கால் சூம்பி, தழும்பை ஒட்டிய தோல் தொட்டால் மரக்கட்டை. காலையில் முதல் அடி வைக்கும்போது கண்ணாடிச் சில்லில் மிதித்த மாதிரி இருக்கும். அந்தக் காலுக்குத்தான் தினமும் பாடம் நடந்தது. பாட்டிலை உள்ளங்காலில் உருட்ட வேண்டும். தரையில் விரித்த துணியை விரல்களால் சுருட்டி இழுக்க வேண்டும். எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் காலை வைத்து, குறித்த அளவு வரை மட்டும் அழுத்திப் பழக வேண்டும்.

"அம்மா, முள்ளு கோட்டைத் தாண்டுது. ஏன் இவ்வளவு அழுத்துறீங்க?" என்று பதறினாள் பிசியோ பெண்.

"கொசுறு, பாப்பா."

"வலி வந்தா நிறுத்தணும்னு சொன்னேனில்ல?"

"வலி நிறுத்தச் சொல்ற எடத்துலெல்லாம் நிறுத்துனா, வண்டி டிப்போவை விட்டே கெளம்பாது."

பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எண்ணெய் தடவிய பாதத்தைக் கையில் ஏந்தி, பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். திரும்பவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். "மேல கீழ அசையறது நல்லா வந்துடும்மா. சமதரையில தாராளமா நடக்கலாம். இந்தப் பக்கவாட்டு அசைவு மட்டும்…" என்று ஆரம்பித்தவள், எண்ணெய்க் கையைத் துடைக்கத் துணி தேடப் போய்விட்டாள்.

ரைட்டம்மாவுக்கு மேற்கொண்டு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டி வளையும்போது, பாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுத்துத்தான் உடம்பை நிறுத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதன் தயவில்தான் நின்றிருக்கிறார்.

அன்று மாலை மெத்தையை மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டார். வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரைச் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"வாங்க. என்னைத் தள்ளுங்க."

"என்னது?"

"நீங்கதான் வண்டி. எந்தப் பக்கம்னு சொல்லாம தள்ளணும். வண்டி சொல்லிட்டா திரும்புது?"

அவர் தயங்கித் தயங்கி அருகில் வந்து, மனைவியின் தோளில் பசை காய்ந்த விரல்களை வைத்தார். தள்ளினாரா, தொட்டாரா என்றே தெரியவில்லை.

"தள்ளச் சொன்னா தடவுறீங்களே!"

கொஞ்சம் அழுத்தினார். ரைட்டம்மா இடது காலில் சமாளித்தார். "அந்தப் பக்கம்." அவர் வலது பக்கம் தள்ளினார். மரத்தை அறுத்துச் சாய்த்தது போல ரைட்டம்மா அப்படியே சாய்ந்தார். பாதம் கொடுக்கவே இல்லை. சுவரில் தோள் மோதி நின்றார். வீட்டுக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னொரு தடவை."

"முடியாதும்மா."

"எனக்காகத்தான கேக்கறேன்?"

"அதனாலதான் முடியாதுங்கறேன்."

அத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். இருவரும் சாப்பிடாமல் படுத்தார்கள். மறுநாளிலிருந்து அவர் அச்சகம் போன பிறகு, ரைட்டம்மா மெத்தைமேல் தனியாக நின்று, தன்னைத் தானே ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

வேலைக்குத் தகுதி பார்க்கும் நாள் வந்தது. பரிசோதித்தவர் நல்ல மனிதர், அவசரப்படாத டாக்டர். நடக்கச் சொன்னார், ரைட்டம்மா நொண்டல் தெரியாமல் நடந்துகாட்டினார். குந்தி எழச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். சுவரில் கை வைத்து இரண்டு குதிகாலையும் உயர்த்தச் சொன்னார். இடது கால் வலதுக்கும் சேர்த்துத் தூக்கியது.

"இப்ப வலது கால்ல மட்டும் நில்லுங்க. குதிகாலைத் தூக்குங்க."

விரல்கள் தரையை அழுத்தி வெளுத்தன. குதிகால் எழும்பவில்லை.

"இஞ்சின் இன்னும் சூடாகல, டாக்டர்."

"மெதுவாப் பண்ணுங்க."

நெற்றியிலிருந்து வியர்வை தரையில் சொட்டியது. கெண்டைக்கால் நடுங்கிற்று. வெளியே யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"போதும்மா."

"வருது டாக்டர். வருது பாருங்க."

"போதும்மா, உக்காருங்க" என்றார் அவர் மிக மெதுவாக. அந்தக் குரலைக் கேட்டதும் ரைட்டம்மா தூக்கியிருந்த இடது காலைக் கீழே விட்டார்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டுமே தகுதி என்று முடிவானது. பயணச்சீட்டு அட்டை விற்கும் கவுண்ட்டரில் இடம். வாசலில் காத்திருந்த சக ஊழியப் பெண் ஒருத்தி, "குடுத்து வெச்சவங்கக்கா நீங்க, ஃபேன் காத்துல வேலை" என்று கையைக் குலுக்கினாள். ரைட்டம்மா தலையாட்டினார்.

கூட வந்திருந்த வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்கப் போனார். வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்றார் ரைட்டம்மா. அடிபட்ட பிறகு முதல் முறை. முன்படியில் கையூன்றி ஏறி உள்ளே நின்றார். வண்டி நகர்ந்து முதல் வளைவில் திரும்பியதும் உடம்பு சரிந்தது. எட்டி, கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். தையல் பிரிகிற சத்தம் கேட்டது. தடியூன்றிய பெரியவர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு, "நீ உக்காரும்மா" என்று எழுந்துகொண்டார். ரைட்டம்மா அவர் முகத்தைப் பார்த்தார், காலியான இருக்கையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடத்துநர் வந்தான். கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற இளம் பையன். ஆளை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அக்கா! நீங்களா? எப்ப டூட்டிக்கு வர்றீங்க?"

அவர் கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்து நீட்டினார்.

"அய்யோ, உங்களுக்கு எதுக்குக்கா டிக்கெட்? நம்ம வண்டிக்கா இது."

ரைட்டம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் சிரிப்பு மெல்லக் குறைந்து, சீட்டைக் கிழித்து உள்ளங்கையில் வைக்கும் வரை, அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது.