ஊசி ஆடிய காடு

எழுத உட்கார்ந்தாலே எனக்கு எழுந்து ஓடத் தோன்றும். உலகச் சண்டைக் காலம் அது. பட்டணத்தில் ஜியாலஜி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் ஒரு வட்டாரத்துப் பாறைகளைப் பார்த்து, படம் வரைந்து, கட்டுரை எழுதிக் கல்லூரி திறக்கும் அன்று கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவன் பரீட்சை எழுத முடியாது. எனக்கு வாய்த்தது தருமபுரியை ஒட்டிய இண்டூர்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி வாயுவில் ஓடிய பஸ் தொப்பூர் கணவாயில் இரண்டு தடவை நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவையும் தோன்றியது.

தனியாகப் பயிர் செய்துவந்த ஒரு அம்மாள் வீட்டில் அறை கிடைத்தது. அவரை அக்கா என்று கூப்பிட்டேன். சுத்தியலோடு வெளியே போனால், ஐயோ, எழுத வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். அறைக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தால், இன்னும் ஓரிடம் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று அரிக்கும். அதனால் இரண்டையும் விட்டுவிட்டுக் கல்லைக் கழுவுவேன். கழுவிய கல்லை மறுபடியும் கழுவுவேன். தலைப்பை எழுதிக் கீழே கோடு போட்டு, கோடு கோணலாகிவிட்டது என்று தாளைக் கிழிப்பேன். புரொபசர் முகம் நினைவுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. வகுப்பில் என் பெயரைச் சொல்லமாட்டார் அவர். "நம்ம சோம்பேறி எங்கே?" என்றுதான் கேட்பார்.

விடுமுறை முடியும் தறுவாயில், தள்ளிப்போட இனி சாக்கு இல்லாமல், அக்காவின் காட்டுக்குப் போனேன். மானாவாரி நிலத்தை அங்கே காடு என்பார்கள். கேழ்வரகு அறுத்துவிட்டு வெறுமனே கிடந்தது. திசைகாட்டியைக் கீழே வைத்தேன். ஊசி வடக்கே நிற்காமல் தள்ளாடியது. நாலடி தள்ளி வைத்தால் வேறு பக்கம் திரும்பியது. கையில் எடுத்த கறுப்புக் கல் அதன் அளவுக்கு மீறிக் கனத்தது.

முள் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

"அது ஏந்தம்பி இப்பிடி ஆடுது?"

"அடியில இரும்புக் கல் ஓடுதுக்கா. நெறைய இருக்கும்போல." பீற்றிக்கொள்ள எனக்குக் கிடைத்த முதல் விஷயம் அது. சண்டைக்கு இரும்பு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து அளந்தேன்.

அவர் மறுபடியும் முள் பொறுக்கப் போனார். சாயங்காலம் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"இதைய நீங்க எழுதுவீங்களா?"

"எழுதணுங்க."

"எழுதுனா ஆளுங்க வருவாங்களா? எங்கண்ணன் காட்டுல சர்க்காரு ஆளுங்க இப்பிடித்தான் சும்மா அளந்துட்டுப் போறோம்னாங்க. அப்பறம் காடு போயி ரோடு வந்துருச்சு. எனக்கு இந்த வூடும் அந்தக் காடுந்தானுங்க."

"வரலாம்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப எழுதாம வுட்டுருங்க தம்பி."

அப்பா, வாத்தியார், புரொபசர் எல்லாரும் எழுது எழுது என்று உயிரை வாங்கியவர்கள். எழுதாதே என்று கேட்டுக்கொண்ட முதல் ஆள் இவர்தான். சொன்னால் வெட்கம், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அவர் நிலத்துக்காக அல்ல. எழுதாமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டதே என்றுதான். அந்தச் சந்தோஷம் காலைவரைகூடத் தாங்கவில்லை. கட்டுரை இல்லாமல் போனால் நான் தொலைந்தேன். எழுதினால் அவர் தொலைந்தார்.

அந்த ஒரு காட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தேன். எந்த வரியிலாவது அது எட்டிப்பார்த்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். ஆச்சரியம், கட்டுரை முடிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார். வறுத்த வேர்க்கடலையை ஒரு துணியில் முடிந்து கொடுத்தார்.

புரொபசர் முழுவதையும் படித்தார். "நீயா எழுதினாய்?" என்றார். மார்பு விம்மியது. பிறகு படத்தை விரித்தவர், இண்டூரை ஒட்டிய வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"தங்கின ஊருக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிறதே? ஏன்? ஏதாவது இருக்குமோ? ஜூனியர் பையனை அனுப்பிப் பார்க்கச் சொல்லட்டுமா?"

அந்தக் கட்டுரைக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாழ்க்கையில் முதல் முறையாக உழைத்திருந்தேன். அதை அவர் ஒப்புக்கொள்ளும் நேரமும் வந்திருந்தது.

"வேண்டாம் சார். பார்த்தேன். வெறும் மண்தான். குறித்து எழுதத்தான் சோம்பல்."

அவர் உடனே நம்பிவிட்டார்.