வழி விடாதீங்க, உம்மா

போன வருடம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடிக்கத் தொடங்கியிருந்த காலம். கண்டக்குழிப் பக்கம், எங்கள் ஊர்ப் பாடசாலையின் கூடைப்பந்து மைதானத்தில், ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது இது.

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் கடைசிக் கதிரையில் இருந்து, கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். யாராவது ஒன்றைச் செய்யச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. மகளும் உம்மாவைப் போலத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் பத்தாம் வகுப்பில் கூடைப்பந்து அணியில் சேர்ந்தாள். பந்தைத் தட்டிக்கொண்டு மைதானத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகிற பொறுப்பும் அவளுக்குத்தான் கிடைத்தது. எனக்கு நம்பவே முடியவில்லை.

முதல் போட்டி புத்தளம் டவுனில் நடந்தது. எதிரணிப் பிள்ளைகள் தங்கள் பக்கம் போய்க் காத்திருக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் பந்தைக் கையில் எடுத்த இடத்திலேயே வந்து மறித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து என் மகளை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்கி, கைகளை உயர்த்திக்கொண்டு முன்னால் நின்றுவிடுவார்கள். எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டுமாம். அவளால் தாண்டவே முடியவில்லை. திரும்பத் திரும்பப் பந்தைப் பறிகொடுத்தாள். கடைசியில் பயத்தில் எதிரணிப் பிள்ளையின் கையிலேயே பந்தைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு எழும்பிப் போய் அவளை என் அபாயாவுக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தவள், பாடசாலை கொடுத்திருந்த விளையாட்டுச் சப்பாத்தைக் கழுவினாள். அது காய்ந்ததும் பையில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"மிஸ்கிட்ட குடுத்துருங்க உம்மா. நான் இனிப் போகல்ல."

அடுத்த பயிற்சி நாளில் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவளும் என் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தாள். மிஸ்ஸிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பயிற்சி கொடுக்கிற மிஸ் சிலாபம் பக்கத்தவர், என்னைவிட வயதில் எவ்வளவோ இளையவர். எங்களைத் தூரத்தில் கண்டதுமே கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா, நல்ல நேரம் வந்தீங்க! டவுன் டீம் செஞ்ச மாதிரி நாங்களும் மறிச்சுப் பாக்கணும். அதுக்குப் பத்துப் பேர் வேணும். உங்கட மகளோட எட்டுப் பேர்தான் இருக்கு."

மதிலோரம் தன் மகளைக் கூட்டிப்போக வந்து நின்ற ஒரு தாய் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டார். என்னைவிட மூத்தவர்; எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்போம், அவரையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். மீன் காயப்போடும் வாடியில் வேலை செய்கிறவர். அவர் குரல் கடற்கரை வரைக்கும் கேட்கும். "வாங்க தங்கச்சி, வீட்டுல மட்டும் ஓடவா நமக்கு விதி?" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

மாட்டேன் என்று சொல்லத் தெரியாத குணம் என்னை மைதானத்துக்குள் தள்ளியது. பையைக் கூடைக் கம்பத்தடியில் வைத்தேன். மிஸ் அதை எடுத்து, உள்ளே பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார். "போடு. நீ இல்லாட்டி அந்தப் பக்கம் நாலு பேர்தான்."

எனக்கும் தாத்தாவுக்கும் கொடுத்த வேலை, மகளை மறிப்பது. பந்தைப் பறிக்கப் போகக் கூடாது. கைகளை உயர்த்தி, இருவரும் நெருங்கி நின்று, நடுவில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மிஸ் காட்டித் தந்தார்.

"வெளங்கிட்டு மிஸ்," என்றார் தாத்தா. "கோழிய மூலைக்கு வெரட்டிப் புடிக்கிற வேலதானே? பெருநாளைக்குப் பெருநாள் செய்றதுதான்."

மதிலோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். "அப்ப நான்தான் கோழியா?" என்று மகள் முணுமுணுத்தாள்.

மிஸ் விசில் ஊதினார். நாங்கள் இருவரும் ஓடி அவளை ஓரக்கோட்டில் மறித்தோம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். டவுனில் பார்த்த அதே கண்கள். என் கால் தன்பாட்டில் ஒரு பக்கம் விலகியது. அந்த இடைவெளியால் அவள் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மிஸ் கைதட்டவில்லை. கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அக்கா, நீங்க வழி விட்டீங்க. டவுன்ல ஒருத்தரும் விட மாட்டாங்க," என்றார்.

விலகிய காலைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தேன். அப்போது மகள் சொன்னாள்: "எனக்கும் தெரியும். வழி விடாதீங்க, உம்மா."

அதன் பிறகு நான் வழி விடவில்லை. மறிக்கும்போது சத்தம் போட வேண்டும் என்று மிஸ் சொன்னார். என் வாழ்க்கையில் நான் வெளியில் நின்று சத்தம் போட்டதில்லை. "பந்து! பந்து!" என்று கத்தியபோது அது என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மகளுக்கு முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது. நீளமாக எறிந்தாள், காற்று பந்தைச் சவுக்கு மரங்களுக்குள் கொண்டுபோனது. பின்பக்கம் திரும்பினாள்; கோட்டுக்கு வெளியே போனாள். ஒவ்வொரு தடவையும் என் கால் விலகத்தான் பார்த்தது. ஆனாலும் கைகளை இறக்கவில்லை.

மிஸ் விளையாட்டை நிறுத்தி அவள் தோளில் கை வைத்தார். "ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லித் தேற்றினார். "அழாத. உன்ன மறிக்க ரெண்டு பேர் வந்துட்டா, வேற ஒருத்திய மறிக்க ஆளில்ல. அவ எங்கயோ சும்மா நிக்கிறா. அவளத் தேடு. உம்மாட மொகத்தப் பாக்காத."

மீண்டும் விசில். நான் ஓடினேன், தாத்தா ஓடினார், மூச்சு வாங்க இருவரும் அவளை மறித்து நின்றோம். இம்முறை அவள் பின்வாங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, மற்றக் காலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாள். அவள் கண் என் முகத்திலிருந்து விலகி, என் தோளைத் தாண்டி எதையோ பார்த்தது. பெற்ற நாளிலிருந்து அவள் பயந்தால் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

என் கைக்குக் கீழால் பந்து போனது. அதன் காற்று என் உடுப்பில் பட்டது. நடுவில் தனியாக ஓடிவந்த பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

"அல்லாஹ், கோழி பறந்துட்டு!" என்று தாத்தா கத்தினார். மகள் சிரித்தாள். நான் கைகளை உயர்த்தியபடியே நின்றுகொண்டிருந்தேன். "உம்மா, முடிஞ்சிட்டு. கைய எறக்குங்க," என்று அவள்தான் வந்து இறக்கிவிட்டாள்.

திரும்பும்போது சப்பாத்துப் பையை அவளே தூக்கிக்கொண்டாள். அன்றிரவு என் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "நீங்க கத்தினது மீன் புடிக்கப் போன வாப்பாக்குக் கடல்ல கேட்டிருக்கும்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு அதே டவுன் அணியோடு மறுபடி விளையாடினார்கள். அன்றும் தோற்றோம். பல தடவை மகள் மாட்டிக்கொண்டாள். ஆனால் மாட்டிய இடத்திலிருந்து தலையை நிமிர்த்தி ஆளைத் தேடினாள். தேடியவளிடம் பந்து போய்ச் சேர்ந்தது. ஒரு தடவைகூட அவள் நான் இருந்த பக்கம் திரும்பவில்லை. நான் மட்டும் எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இப்போதும் அவள் ஏதாவதொன்றில் மாட்டிக்கொண்டு தடுமாறும்போது, ஓடிப்போய் விலக்கிவிடத்தான் என் கால் பரபரக்கிறது. அப்போதெல்லாம் என் கைக்குக் கீழால் போன அந்தப் பந்தின் காற்றை நினைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.